மொட்டைமாடியில் எல்லோரும் ஏலக்காய்

அலெக்ஸாந்திரியாவில் ராம்ல் நிலையத்து டிராம் திரும்பும் வளைவில் இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனால் ஷாஹினாஸைப் பார்க்கலாம். நாற்பதைத் தாண்டியவள். வெள்ளைக் கோட்டு, காதோரம் ஒரு பென்சில். உங்கள் மூக்கில் சட்டத்தை வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, "இடது பக்கம் இறங்குது" என்று சொல்லி, வாங்கி வளைத்துக் கொடுப்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. முதலாளி நஸீஃப் அவளைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் சொல்வது ஒன்றுதான்: "நல்ல பொண்ணு. ஆனா கற்பனைங்கிறது மருந்துக்கும் கிடையாது." அந்தத் தெருவில் இதைவிடப் பெரிய பொய்யை யாரும் சொன்னதில்லை. பாவம், தெரியாமல் சொல்கிறார்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு ரமலானில் 'உப்பளத்து வீடு' என்று ஒரு தொடர் வந்தது. மாதம் முழுக்க நாடே நோன்பு திறந்த கையோடு அதன் முன்னால் உட்கார்ந்தது. கடைசி நாளில் தொடரின் நாயகி நவால், தன்னை மழையில் வெளியே தள்ளிய புருஷனிடமே அழுதுகொண்டு திரும்பிப் போனாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகாரத் தட்டை எடுத்தார்கள். ஷாஹினாஸுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அன்றைக்கே உட்கார்ந்து நவாலைத் திரும்பிப் போகவிடாமல் ஒரு முடிவு எழுதினாள். எழுதி இணையத்தில் போட்டபோதுதான் தெரிந்தது, இப்படி வயிறு எரிந்தவர்கள் அஸ்வானிலிருந்து மர்ஸா மத்ரூஹ் வரை இருக்கிறார்கள் என்று.

அவர்களுக்காக அவள் இணையத்திலேயே ஒரு பூட்டிய இடம் கட்டினாள். பெயர் மொட்டைமாடி. துணி உலர்த்தப் பெண்கள் மட்டும் ஏறுகிற மாடிதானே, அதனால். உள்ளே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. எல்லோரும் சமையலறைச் சாமான்கள். அவள் கல்லுப்பு. அஸ்வான்காரி ஒருத்தி மிளகு. வாயும் அப்படித்தான்.

புதிதாக வருகிறவளிடம் வாசலில் ஒரு கேள்வி கேட்பார்கள்: கடைசிக் காட்சியில் நவாலின் கையில் என்ன இருந்தது? பெட்டி என்று சொன்னால் கதவு திறக்காது. பெட்டி சுவரொட்டியில் இருந்தது. காட்சியில் இருந்தது ஒற்றைச் செருப்பு. ஆசையாகப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். வம்பு பார்க்க வந்தவளுக்குத் தெரியாது. இந்த ஒரு கேள்வியால் எத்தனை பத்திரிகைக்காரர்களையும் ஆராய்ச்சிக்காரர்களையும் அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கும்.

இன்னும் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று சலவை. நவாலை வைத்து அவர்கள் எழுதுகிற எந்தக் கதையும் கல்லுப்பு கையால் அலசப்பட்ட பிறகுதான் மாடியில் காயும். "உன் தெருப் பேரை எடு." "நாத்தனாருக்கு மச்சம் நெஜமாவே அங்கதான் இருக்கா? அப்ப இடம் மாத்து." மற்றொன்று நன்றி. ஒருத்தி எழுதிய அழகான விஷயத்தை இன்னொருத்தி தன் கதையில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே அவள் பெயரைப் போட்டாக வேண்டும். போடாதவளை மாடியிலிருந்து இறக்கிவிடுவாள். மிளகின் நன்றியை விழுங்கிவிட்ட ஒருத்திக்காக ஒரு வாரம் நடந்த சண்டையை இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் ஏலக்காய் என்கிறவள் ஒரு கதை எழுதினாள். சொந்தப் பெயர் இப்திஹால், தந்தா நகரத்தில் ஒரு வக்கீலின் மனைவி. அந்தக் கதையில் நவாலின் புருஷன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. தேநீர் வேண்டுமென்றால் மோதிரத்தால் கண்ணாடிக் கிளாஸில் தட்டுவான். டிங், டிங். ஒரு நாள் அவன் தட்டிக்கொண்டே இருக்கிறான், அவள் படியிறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறாள். கதை அவ்வளவுதான். படித்துவிட்டு மாடியே அழுதது.

"இந்த மோதிரம் நெஜமா?" என்று கல்லுப்பு அப்போதே கேட்டாள்.

"சேச்சே, கற்பனைக்கா" என்றாள் ஏலக்காய்.

வினையைக் கொண்டுவந்தது புதினா. மன்ஸூராவில் கல்லூரியில் படிக்கிற பெண், ஆசை மட்டும் இருக்கிற பிள்ளை. நவாலாக நடித்த நடிகைக்குப் பிறந்தநாள் வந்தது. நம் மாடியிலேயே அழகான துணி எது என்று பார்த்து, ஏலக்காயின் கதையை அப்படியே அவளுக்குப் பரிசாக அனுப்பிவிட்டாள். நடிகை பூரித்துப்போய் அதை ஹைஸம் கையில் கொடுத்தாள். ஹைஸம் தொலைக்காட்சியில் வியாழக்கிழமைதோறும் ஊரைக் கேலி செய்து பிழைக்கிறவன். அடுத்த வியாழன் கதையை வாசிக்கப்போகிறேன், யார் இந்த ஏலக்காய், தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று அறிவித்தான். சிரித்துக்கொண்டே அறிவித்தான், அவனுக்கு எல்லாமே சிரிப்பு.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே இப்திஹால் தொலைபேசியில் அழைத்தாள். அத்தனை வருஷத்தில் அவள் குரலை ஷாஹினாஸ் கேட்டது அன்றைக்குத்தான்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். மோதிரம் நெஜம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது? அவரோட அண்ணன் தம்பிங்க அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் பண்ணுவாங்க. வியாழக்கிழமை எல்லாரும் எங்க வீட்லதான் டிவி பார்ப்பாங்க. அவன் டிங்னு வாசிச்ச அடுத்த நொடி எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. என்னை வீட்டை விட்டு அனுப்பிட்டு பிள்ளைங்களை மாமியார் வச்சுக்குவாங்கக்கா."

"அழாதடி. வியாழக்கிழமைக்கு நாள் இருக்கு" என்றாள் ஷாஹினாஸ். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

புதினா மாடியில் அழுது புரண்டாள். "அக்கா, அவங்க சந்தோஷப்படுவாங்கன்னுதான்..." மிளகு அவளைக் கடித்துத் துப்பத் தயாராக நின்றாள். ஷாஹினாஸ் தடுத்தாள். "ஆசையில செஞ்சா. விடு. இங்க யாரு ஆசையில்லாம வந்தோம்?"

கெஞ்சலாம் என்று ஹைஸமின் அலுவலகத்துக்கு ஒரு முறை பேசிப் பார்த்தாள். அங்கிருந்த பெண், "பொது இடத்துல எழுதினது தானேம்மா" என்றாள். "பூட்டின இடத்துல எழுதினது" என்றாள் ஷாஹினாஸ். "பூட்டு உடைஞ்சா பொதுதான்" என்று சிரித்தாள் அவள். அந்தச் சிரிப்பில்தான் ஷாஹினாஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உடைந்ததை ஒட்ட முடியாது, சரி. ஒரு மோதிரத்தை மறைக்க முடியாவிட்டால் ஊரெல்லாம் மோதிரமாக்கிவிடலாமே.

அன்றைக்கு மாடியில் எழுதினாள்: 'எல்லோரும் ஒரு கதை எழுதுங்கள். எல்லோர் கதையிலும் புருஷன் மோதிரத்தால் கிளாஸில் தட்ட வேண்டும். கீழே ஏலக்காய் என்று கையெழுத்துப் போட்டு, நான்தான் அது என்று ஹைஸமுக்கு அனுப்புங்கள். யாருக்கும் நன்றி போடக் கூடாது.'

கடைசி வரியை மாடியே இரண்டு முறை படித்தது. நன்றி போடாதவளைப் படியிறக்கிய கல்லுப்பா இதைச் சொல்கிறது? முதலில் வந்தது மிளகின் கதை. அவளுக்குத் தன் எழுத்தின் மேல் இருந்த பெருமைக்கு, பெயரை விட்டுக்கொடுப்பது தோலை உரித்துக் கொடுப்பது மாதிரி. "என் வாழ்நாள்லயே நல்லா வந்த கதை இது. அந்தச் சனியன் ஏலக்காய்க்குப் போகுது" என்று திட்டிக்கொண்டே அனுப்பினாள். பிறகு போர்ட் ஸயீத், மின்யா, மத்ரூஹ் என்று ஊர் ஊராக வந்தன. ஒருத்தியின் புருஷன் மீன்பிடிக்காரன், ஒருத்தியின் புருஷன் டாக்டர், ஒருத்திக்கு அவன் பேயாக வந்தும் கிளாஸில் தட்டுகிறான். புதினா எழுதியதில் நவாலே மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு பதிலுக்குத் தட்டினாள். எல்லாவற்றையும் அலசி அனுப்பி, ஷாஹினாஸின் கண் சிவந்துபோனது.

வியாழன் சாயங்காலம் கடையில் கூட்டமில்லை. கடல் காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. நஸீஃப் தொலைக்காட்சி முன்னால் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். ஹஜ் போய்வந்த ஹாஜ்ஜா ஸுஃபிய்யா என்கிற கிழவி புதுக் கண்ணாடி வாங்க வந்திருந்தாள். ஷாஹினாஸ் அதன் சட்டத்தை வளைத்துக்கொண்டிருந்தாள்.

ஹைஸம் கதையை வாசித்தான். டிங், டிங் என்று தன் கோப்பையில் தட்டியும் காட்டினான். நஸீஃப் விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்பளைங்களுக்கு வேற வேலையே இல்ல பாரு!"

"அட வாயை மூடுய்யா, கேட்க விடு" என்றாள் ஹாஜ்ஜா.

ஹைஸம் ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். "ஏலக்காய் யாருன்னு கேட்டேன். நாடு பூரா ஏலக்காய்! எல்லார் புருஷனும் தட்டுறான்! எகிப்து ஆம்பளைகளே, உங்க மோதிரத்துக்கு என்னதான் ஆச்சு?" அரங்கம் சிரித்தது. யார் அந்த ஏலக்காய் என்று அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

ஷாஹினாஸின் கோட்டுப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். இப்திஹால். 'எல்லாரும் அவரைத்தான் பார்த்தாங்கக்கா, என்னை இல்ல. நாடு பூரா உன்னை மாதிரி மடையன்தானாடான்னு அவரோட அண்ணன் சிரிச்சாரு. இவரு மூஞ்சி செவந்துபோய் மோதிரத்தைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. இப்பதான் டீ இருக்கான்னு வாயைத் திறந்து கேட்டாரு.'

ஷாஹினாஸுக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. சொல்ல ஒரு ஆள் இல்லை. ஹாஜ்ஜாவின் மூக்கில் கண்ணாடியை வைத்தாள்.

ஹாஜ்ஜா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஏம்மா, அப்புறம் அந்தத் தட்டுறவன் என்னதான் பண்ணான்?"

"மோதிரத்தைக் கழட்டிட்டான் ஹாஜ்ஜா. வாயைத் திறந்து டீ கேட்டான்."

நஸீஃப் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "டிவில அப்படி எதுவும் சொல்லலையே?"

ஷாஹினாஸ் தலையைச் சாய்த்துச் சட்டத்தைப் பார்த்தாள். இடது பக்கம் சரியாக இருந்தது.

"சொன்னாங்க உஸ்தாத். நீங்க சிரிச்சிட்டு இருந்தீங்க, காதுல விழல."