ரேடியோவில் கேட்ட கண்

என் வீட்டுக்காரர் ரேடியோவை நம்பிய அளவுக்கு என்னை நம்பியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள், வெளிநாட்டில் பார்வையில்லாதவர்களின் கண்ணுக்குள் மின்சாரத் தகடு வைத்து வெளிச்சம் தெரிய வைக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அவ்வளவுதான், மனுசன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"பதுளைக்குப் போயி டாக்டர கேட்டுட்டு வருவோம்."

"ஆமா, இங்க பஸ்ஸே ஒழுங்கா வரல, கரண்டு கண்ணு வரப்போகுதாக்கும்" என்றேன்.

மடுல்சீமையில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். முதலில் மாலைக்கண், பொழுது சாய்ந்தால் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் தடுக்கி விழுவார். பிறகு பகலும் போய்விட்டது. மகள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அதற்குத்தான் துடிக்கிறார் என்று மனம் இளகிப் புறப்பட்டேன். முந்தின நாள் அந்தியில் மகள் வாசலில் இருந்த தண்ணீர் வாளியை உதைத்துக் கொட்டினாள். "கண்ணு எங்கடி இருக்கு?" என்று வழக்கம்போல் சத்தம் போட்டேன். அவர் வாளி உருண்ட பக்கம் தலையைத் திருப்பினார்.

பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி.

"சொந்தத்துக்குள்ளயோ கலியாணம் செய்தனீங்கள்?"

"ஆமாங்க, மாமன் மக" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது பரம்பரையா வாற விழித்திரை வருத்தம். அந்தத் தகடு இன்னும் பரிசோதனையிலதான் இருக்குது. வைச்சாலும் வெளிச்சப் புள்ளியள்தான் தெரியும். கதவு எது, சுவர் எது எண்டு பழகலாம். முகம் தெரியாது."

என் வீட்டுக்காரர் டாக்டர் குரல் வந்த பக்கம் சாய்ந்தார்.

"பத்து, பதினஞ்சு வருசத்துல முகம் தெரியிற மாதிரி செஞ்சிருவாங்களா?"

"செய்யக்கூடும். இப்ப சொல்லேலாது."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சீண்டினேன். "பதினஞ்சு வருசம் கழிச்சு யார ரசிக்கப் போறீங்க? எனக்குப் பல்லே இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்தார்.

"எனக்கில்ல. தெனம் வாளி சத்தம் கேக்குதுல்ல? பகல்ல அவ எதையும் தட்டுறதில்ல. பொழுது சாஞ்சாத்தான்."

ஐயோ, திட்டிக்கொண்டே இருந்தேனே தவிர, எனக்கு அது தோன்றவேயில்லை. லயத்துக்கு வந்து சேரும்போது இருட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் வாசல் எனக்கு நன்றாகவே தெரிந்தது. எங்கள் குரல் கேட்டு மகள் வெளியே வந்தாள். நான் ஓடிப்போய் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

அவள் படியில் நின்று காலால் துழாவினாள். "ஏம்மா, வாளி இங்கதானே இருந்துச்சு?"

வாளி என் கையில், அவள் முகத்துக்கு நேரே இருந்தது.