ஒரே ரோலில் வந்த பனியன்கள்

“ஏனுங்க சார், ஒருத்தரைத் தப்பா அடையாளம் காட்டிட்டா, அதை எப்படித் திருத்துறதுங்க?”

சில வருடங்களுக்கு முன், வேலம்பாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரங்கசாமி அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். போன வாரம் அவர் மகள் போனில், “அப்பா காலையில தவறிட்டாருங்க சார்” என்றபோது, எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, அந்தக் கேள்விதான்.

பனியன் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் செக்கிங் அண்ணன். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பழுதைக் கண்டுவிட்டால், தைத்த பெண்ணிடம் போய், “கண்ணு, இது எம்பட கண்ணுக்கே தெரியுது, வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தெரியாதா?” என்பார். யாரும் கோபித்ததில்லை. அதற்கு முன் அவர் பட்டாளத்தில் இருந்தது சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே என்ன வேலை செய்தார் என்பது தெரிந்திருக்காது.

சண்டை ஓய்ந்து பனி உருகத் தொடங்கியதும், மலைச்சரிவில் கிடந்த வீரர்களின் உடல்களைத் தேடி எடுக்கும் குழுவில் அவரைப் போட்டார்கள். நீண்ட கம்பியால் பனியைக் குத்திப் பார்ப்பார்களாம். கல்லில் பட்டால் ஒரு மாதிரி, உடலில் பட்டால் வேறு மாதிரி கைக்குத் தெரியும் என்றார். எடுத்தவரின் சட்டைப் பித்தான்களைப் போட்டுவிட்டுத்தான் தூக்குவாராம். “போட்டுவிட அவிங்க ஊட்டாளுங்க யாரும் பக்கத்துல இல்லீங்களே.”

அப்படி எடுத்த ஒருவருக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் பெயர்த் தகடும் இல்லை. உள்ளே வெள்ளைப் பனியன். நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. லீவு முடிந்து திரும்பும்போது திருப்பூரிலிருந்து அண்ணனே கொண்டுபோன செகண்ட்ஸ், பழுதுக்காகக் கழித்த பனியன் அது. கோடு விழுந்த ஒன்றை, அந்தச் சண்டையில் காணாமல்போயிருந்த சக வீரர், குண்டடத்துக்காரர் ஆறுமுகத்துக்குக் கொடுத்தது நினைவிருந்தது. “ஆறுமுகந்தான்” என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். அங்கேயே எரியூட்டி, அஸ்தி குண்டடத்துக்கு வந்தது. ஆறுமுகத்தின் தாய் அதை ஆற்றில் கரைத்தார்.

ஓய்வுபெற்று வந்து செக்கிங்கில் சேர்ந்த பிறகுதான் அண்ணனுக்கு உறைத்தது. “துணி பின்னுற மெஷின்ல ஊசி கெட்டா ஒரு பீஸோட நிக்காதுங்க சார். அந்தத் துணி ரோல் முழுக்க அதே கோடு ஓடும்.” அதே மூட்டையிலிருந்து இன்னொரு பனியனைப் பட்டாளத்து நண்பர், பீகார்க்காரர் ஒருவருக்கும் கொடுத்திருந்தார். அதே சண்டையில் போன அந்த நண்பர் இன்றுவரை காணாமல்போனவர்தான். பனியில் கிடைத்தது இருவரில் யார்? பட்டாளத்துக்கு எழுதிக் கேட்கலாமா, எழுதினால் குண்டடத்துத் தாய் என்ன ஆவார் என்று தவித்தார். கடிதத்தை என்னை எழுதித் தரச் சொன்னார்.

என்னைப் போன்ற வாத்தியாருக்கு எப்போதும் ஓர் உதாரணம் கைவசம் வேண்டும். “மார்க் போட்டு முடிச்ச பேப்பரை யாராவது திரும்பப் பிரிப்பாங்களா அண்ணா? விடுங்க” என்றேன். மறுகூட்டலுக்காக எத்தனையோ விடைத்தாள்களைப் பிரித்தவன் நான். அவர் “சரிங்க சார்” என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

காரியத்தன்று அவர் மனைவியிடம் அந்தப் பீகார் நண்பரைப் பற்றி மெல்லக் கேட்டேன். “ஊட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க சார். உங்ககிட்டத்தான் பேசுவாரு” என்றார்.

இப்போது அந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆறுமுகத்தின் பெயரை எழுதிவிட்டேன். பீகார் நண்பரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அண்ணன் சொன்னார், இரண்டு முறை சொன்னார். உதாரணம் தேடிக்கொண்டிருந்த நான் அதைக் காதில் வாங்கவில்லை. பட்டாளத்து ஏடுகளில் இருக்கலாம். எந்தப் பெயரைத் தேடச் சொல்வது? உங்களில் யாரிடமாவது அண்ணன் அதைச் சொல்லியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பாதியில் நிற்கும் இந்தக் கடிதம்தான்.

இனி யாராவது உங்களிடம் இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொன்னால், ஆறுதல் சொல்வதற்கு முன், அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.