பெரியப்பா தேர்ந்தெடுத்த நிறம்

1. பெரியப்பா கிடர்பூர் துறைமுகத்துக் கடையிலிருந்து ஒரு டின் நீலப் பொடி வாங்கி வந்தார்.
2. அதைச் சுண்ணாம்பில் கலக்கக் கூடாது என்று நான் சொன்னேன்.
3. கலக்கச் சொன்னார்.
4. வீடு துரு நிறமானது.
5. தாம் நினைத்த நிறமே அதுதான் என்றார்.

நடந்தது இவ்வளவுதான். முதல் நான்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. ஐந்தாவது எங்கள் பெரியப்பா ஒருவரால் மட்டுமே ஆகக்கூடியது.

அப்பா இறந்த பிறகு, கல்கத்தாவில் பவானிபூரில் இருந்த பெரியப்பா வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அவருக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்து நான் பார்த்ததில்லை. மழை வரும் என்று பெரியம்மா சொன்னால் வெயிலைக் காட்டுவார். கம்பெனித் துரை சொன்னால் குடையைத் தேடுவார். பெரியப்பாவின் மகன் கலியாணத்துக்கு வருவதாகத் துரை வாக்களித்ததும், வீட்டின் வெளிச்சுவர் திடீரென்று அவர் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

தெருவில் எல்லா வீடும் மஞ்சள், ஜன்னல்கள் பச்சை. பெரியப்பாவுக்கு அது மட்டம். அடிச்சுவரில் மட்டுமாவது காவியும் வெள்ளையுமாகப் பட்டை போடலாம் என்று பெரியம்மா கேட்டுப் பார்த்தாள். "இங்க இருக்கவனுக்கு அது கோயில்னு தெரியாது. ஜெயில்னு நெனைப்பான்" என்றார். அவர் மனதில் இருந்தது துரையின் பங்களா நீலம். பங்களாவை அவர் வெளிக்கதவுக்கு அப்பால் நின்றுதான் பார்த்திருக்கிறார். அங்கே நீலமாக இருந்தவை ஜன்னல் கதவுகள், மரத்தில் பூசிய எண்ணெய்ச் சாயம். அதைச் சுண்ணாம்புச் சுவரில் கொண்டுவரப் புறப்பட்டார்.

அப்போது நான் வைத்தியப் பள்ளியில் மருந்து கலக்கும் படிப்பை முடித்திருந்தேன். பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தறையில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா சரி என்று சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. அவரோ வேலூரிலிருந்து வந்த ஒரு வரனைக் கையில் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தினார்.

டின்னின் மேல் பிரஷ்ய நீலம் என்று இருந்தது. அது இரும்பிலிருந்து செய்யப்படும் சாயம். சுண்ணாம்பின் காரம் பட்டால் நீலம் சிதைந்து துருதான் மிஞ்சும். ஒரு கிண்ணத்தில் இரண்டையும் கலந்து வைத்தேன். பழுப்பேறிய பிறகு பெரியப்பாவிடம் காட்டினேன். நீலமே வேண்டுமென்றால் துணிக்குப் போடும் நீலம் சுண்ணாம்பைத் தாங்கும் என்றும் சொன்னேன்.

"வண்ணான் நீலத்தையா என் வீட்டுக்குப் பூசச் சொல்றே?" கிண்ணத்தை முற்றத்தில் கவிழ்த்தார். "இருமலுக்குக் கஷாயம் கலக்குறவ கட்டடத்துக்கு வைத்தியம் பார்க்க வந்துட்டா!"

"நிறம் மாறும், பெரியப்பா."

"மாறினா நீ ஆஸ்பத்திரிக்குப் போ. மாறலேன்னா வாயை மூடிக்கிட்டு வேலூர்க்காரனுக்குக் கழுத்தை நீட்டு. கேட்டுக்கோ, இவதான் சாட்சி" என்று பெரியம்மாவைக் காட்டினார்.

அவசர அவசரமாகப் பூசினார்கள். மறுபக்கச் சுவர் முடிவதற்குள் தெருப்பக்கம் வெளுக்கத் தொடங்கியது. "ஈரம். காய்ஞ்சா நீலம் எழும்பும்" என்றார் பெரியப்பா. காய்ந்தது. எழும்பியது துரு. அதுவும் சீராக இல்லை. பழைய தேநீர்க் கறைபோலத் திட்டுத் திட்டாக. நாங்கள் பௌதி என்று அழைக்கும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் தன் மாடியிலிருந்து, "என்னம்மா, உங்க வீட்டுக்கு மஞ்சள் காமாலையா?" என்று கேட்டாள். பெரியப்பா வீட்டுக்குள் பின்கதவு வழியாக வரத் தொடங்கினார். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கவில்லை.

கலியாணத்தன்று துரை வந்தார். வாசலில் நின்று சுவரைப் பார்த்து, கல்கத்தா அழுக்கு தெரியாத நிறம், புத்திசாலித்தனம் என்றார். சொல்லிவிட்டு ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரத்தில் போய்விட்டார். பெரியப்பா அந்த ஒரு வார்த்தையைப் பந்தி பந்தியாகப் பரிமாறினார்.

விருந்தாளிகள் போனதும் பந்தயத்தை நினைவூட்டினேன்.

"என்ன பந்தயம்? சுவர் கெட்டுப்போகும்னே. கெட்டுச்சா? துரையே மெச்சினார்."

"நீலம் துருவா மாறும்னு சொன்னேன். மாறிடுச்சு."

"அட அசடே, நான் நெனைச்ச நிறமே இதுதான். அடியில நீலம் குடுத்தாத்தான் இந்த நிறம் எடுக்கும்."

பொய் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண்ணில் ஒரு சின்னக் கூச்சமாவது இருக்கும். பெரியப்பாவின் கண் தெளிவாக இருந்தது. அதற்குள் அவரே அதை நம்பிவிட்டார். அந்த மனிதரிடமா இத்தனை நாள் அனுமதிக்குக் காத்திருந்தேன் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

சமையலறையில் பெரியம்மா பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்: "நீ பாட்டுக்குப் போயிட்டு வா. போன பிறகு அவர் அனுப்பினதாத்தான் இருக்கும். நான் இப்படித்தான் குடும்பம் நடத்துறேன்."

மறுநாள் காலை யாரிடமும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியப்பா முதல் வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு தெருவில் யாரோ மரியாதையாக விசாரித்திருக்கிறார்கள். அன்று மாலை திறந்த வாசலில் அவர் குரல் கேட்டது: "பொண்ணுங்களைப் படிக்க வெச்சா மட்டும் போதுமா? வேலைக்கு அனுப்பத் துணிச்சல் வேணும்."

இப்போது மருந்தறை என் பொறுப்பில் இருக்கிறது. வேலூர் வரனுக்கு வேறிடத்தில் கலியாணமாகிவிட்டது. வீட்டுக்கு மறுபடி வெள்ளையடிக்கவில்லை. என்னை வேலைக்கு அனுப்பியவர் பெரியப்பா என்று பவானிபூரில் எல்லோருக்கும் தெரியும்.