வெந்துபோன அல்பாக்கா கோட்டு

என் புருஷன் வக்கீல். கோர்ட்டுக்குப் போட அவருக்கு ஒரே ஒரு கறுப்புக் கோட்டுதான் இருந்தது. அல்பாக்கா என்ற கம்பளித் துணி. சாயங்காலம் வியர்வையோடு கழற்றி, அப்படியே சுருட்டி டிரங்குப் பெட்டியில் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டுவார். பாச்சை உருண்டை வாடையும் வியர்வை வாடையும் சேர்ந்து அறையெல்லாம் அடிக்கும்.

நான் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்காரர் மகள். "பட்டையே வெளுக்குற வூட்டுப் பொண்ணு, ஒரு கோட்டைச் சுத்தம் பண்ணத் தெரியாதா?" என்று மாமியார் குத்தினாள். எனக்கு ரோஷம். எங்கள் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முன் சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் வேகவைப்போம். பசை போய்ப் பளபளவென்று வரும். கோட்டையும் அப்படியே வேகவைத்தேன். அது சுருங்கித் தடித்து, பத்து வயதுப் பிள்ளையின் அளவில் வெளியே வந்தது.

"சோறுன்னு நெனச்சியாடி?" என்று அவர் தெருவே கேட்கக் கத்தினார். மாமியார் சிரித்தாள்.

புதுக் கோட்டைத் தைத்துக் கொண்டுவந்த பாய் என்னிடம் சொன்னார்: "கம்பளிக்கு வெந்நியே ஆவாதும்மா. கழட்டினதும் நெழல்ல காத்தாடத் தொங்கவுடு, வாடை நிக்காது." அதைப் புருஷனிடம் சொன்னேன்.

"நீ எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டியா?" என்று பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்தக் கோட்டும் ஒரு மாதத்தில் நாறியது. கோர்ட்டில் ஆட்கள் தள்ளி உட்கார்ந்தார்களாம். மாமியார் என்னை முறைத்தாள். "சாவி உங்க புள்ளகிட்ட இருக்குது" என்றேன். அதன்பிறகு அவர் பத்து வருஷம் நாறினார்.