நங்கையா கட்டிய ஊர்

அந்தப் பழைய கணினித் திரையின் வலது ஓரத்தில், கீழிருந்து இரண்டு விரல் உயரத்தில், ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு இருந்தது. பதினேழு அங்குலத் திரை, ஏறக்குறையச் சதுரம். பொட்டுக்கு நேர் இடப்புறம் சுட்டியைக் கொண்டுபோய் அழுத்தினால், அதுவரை கட்டியதை விளையாட்டு சேமித்துக்கொள்ளும். யாரும் மறந்துவிடக் கூடாது என்று என் நங்கையா அதை ஒட்டிவைத்திருந்தார். யாரும் என்று சொன்னாலும், அந்த வீட்டில் அதை விளையாடியவர் அவர் ஒருவர்தான்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று அழைப்போம். அண்ணன் வீடு குமாரபாளையத்தில் இருக்கிறது. கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள். மகள் பொறியியல் படித்தபோது, விலை குறைந்ததாகப் பார்த்து ஒரு கணினி வாங்கினார்கள். அவள் கல்யாணமாகிக் கோவைக்குப் போன பிறகு கணினி கூடத்திலேயே தங்கிவிட்டது. விடுதித் தோழி யாரோ ஏற்றிக்கொடுத்த ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. ஆற்றங்கரையில் வெறும் நிலம் கொடுப்பார்கள். கிணறு வெட்டி, சாலை போட்டு, களஞ்சியம் கட்டினால் ஒவ்வொரு குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து குடியேறும். தண்ணீர் எட்டாவிட்டால் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடும். அவ்வளவுதான் விளையாட்டு.

தறி ஓடும் நேரத்தில் நங்கையா வீட்டைவிட்டு நகர முடியாது. நூல் அறுந்து ஒரு தறி நின்றால் உடனே போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் காவல் நேரத்தில்தான் அவர் இந்த ஊரைக் கட்டத் தொடங்கினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆறாந்தறி நின்னுருச்சுங்க" என்பார். எட்டுத் தறி இரைச்சலில் எது ஓய்ந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவர் சொல்லி ஒருமுறைகூடத் தப்பியதும் இல்லை.

இப்படிப் பதினோரு வருடங்கள். நான் போகும்போதெல்லாம் ஊரில் புதிதாக ஏதாவது இருக்கும். "உங்க நங்கையா அந்த ஊருக்குப் பிரசிடெண்டுடா. இங்க சோத்துக்கு ரசம் இல்ல, அங்க ஒரு தெருவுக்குக் கெணறு வெட்டியாச்சு" என்பார் அண்ணன். "அங்கிருக்கற சனம் வாயத் தொறக்கறதில்லீங்க, அதனால வெட்டிக் குடுத்தேன்" என்பார் நங்கையா, திரும்பாமலே.

கணினி கிழமாகிக்கொண்டிருந்தது. ஊர் பெருகப் பெருக, ஒரு வண்டி தெருவைக் கடப்பதற்குள் நான் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடித்துவிடலாம். நான் திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகப் பொருள் காப்பாளர். உதிரிப் பாகங்கள் பற்றி ஓரளவு தெரியும். பாகங்களை மாற்றித் தருகிறேன் என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஊரு போயிருமுங்களா, தம்பி?" போகாது என்றேன். "போகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றார்.

முடிவைக் கடைசியில் அண்ணன்தான் எடுத்தார், அதுவும் தெரியாமல். தறிக்கூடத்துப் பஞ்சு சன்னல் வழியே வந்து கணினிக்குள் மெத்தையாகப் படிந்திருந்தது. தறியில் ஒட்டும் பஞ்சை ஊதித் தள்ள அவரிடம் காற்றுக் குழாய் உண்டு. "ஒரே ஊது, பளிச்சுனு ஆயிரும்" என்று கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி முழு வேகத்தில் ஊதிவிட்டார். உள்ளே இருந்த சிறு விசிறி சங்கு ஊதுவதுபோல ஓலமிட்டுச் சுற்றி, ஓர் இறக்கையை முறித்து வெளியே எறிந்தது. அதன் பிறகு கணினி இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. சூடேறி அணைந்துபோனது.

நங்கையா எனக்குத் தொலைபேசியில் அழைப்பது அபூர்வம். அன்று அழைத்தார். "ஏனுங்க தம்பி, வார ஞாயித்துக்கெழம வாரீங்களா? என்ன வேணும்னாலும் மாத்திக்கங்க. ஊரு மட்டும் இருந்தாப் போதும்."

அந்த ஞாயிறு காலை எட்டரைக்கு வேலையைத் தொடங்கினேன். விளையாட்டு பழையது என்பதால் பெரிய முதலீடு தேவையில்லை. தாய்ப்பலகையையும் மின்வழங்கியையும் அப்படியே வைத்துக்கொண்டேன். புது விசிறி, எட்டு ஜிபி நினைவகம், சுழலாத வகை வட்டு, பலகையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்னக் கிராபிக்ஸ் கார்டு ஒன்று. கார்டை ஒருவர் பயன்படுத்தி விற்றிருந்தார். திரையும் புதிது, முப்பத்திரண்டு அங்குலம். மகள் கோவையிலிருந்து அனுப்பியிருந்தாள். பழைய திரையில் இருந்ததைப்போல் ஆறு மடங்குக்கு மேல் புள்ளிகள் அதில் இருந்தன.

பழைய வட்டிலிருந்து விளையாட்டின் கோப்புறையைப் புதியதற்கு நகலெடுத்தேன். கோப்புகளின் எண்ணிக்கையை இரு பக்கமும் எண்ணிச் சரிபார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. விளையாட்டைத் திறந்தேன். சேமித்த ஊர்களின் பட்டியல் காலியாக இருந்தது.

நங்கையா என் பின்னால் நின்றிருந்தார். "காணோமுங்களா?" என்றார். "சித்தெ இருங்க நங்கையா" என்றேன். அவர் அடுப்படிக்குப் போனார். பாத்திரம் எதையோ விளக்கும் சத்தம் வந்தது. ஏற்கெனவே விளக்கிக் கவிழ்த்திருந்த பாத்திரங்கள் அவை. காலையில் வந்தபோதே பார்த்திருந்தேன். நான் பதறிவிடக் கூடாது என்று அவர் விலகிப்போனார் என்பது பிறகுதான் புரிந்தது.

பழைய வட்டை மறுபடி பொருத்தி, கடைசியாக மாறிய கோப்பு எது என்று தேதிவாரியாகத் தேடினேன். இருபது நிமிடம் ஆனது. விளையாட்டு ஓரிடத்தில் இருக்க, ஊர் வேறிடத்தில், மகளின் பெயரில் இருந்த கோப்புறையின் அடியாழத்தில் இருந்தது. அதைப் புது வட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். "நங்கையா, ஊரு வந்துருச்சு" என்று கத்தினேன். ஈரக் கையோடு வந்து நின்றார். சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லா ஊடும் இருக்குதுங்களா?" என்றார்.

இனி அழகுபடுத்துவதுதான் பாக்கி. இந்த அளவுத் திரையை அந்தக் காலத்து விளையாட்டு அறியாது. அமைப்புக் கோப்பைத் திறந்து, அகலம் 3840, உயரம் 2160 என்று கையால் எழுதிச் சேமித்தேன். மீண்டும் திறந்தபோது ஓட்டு வீடுகளின் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாகத் தெரிந்தது. வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஆனால் ஓரத்தில் இருந்த பொத்தான்களும் எழுத்துகளும் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டன. பழைய விளையாட்டுகளில் இப்படி நேரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்சி விரியும், எழுத்து மட்டும் அதே புள்ளிக் கணக்கில் நிற்கும். ஐம்பத்தெட்டு வயதில், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவருக்கு நான் செய்து கொடுத்தது இது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரண்டு மணி நேரம் போராடினேன். புள்ளிகளைக் குறைத்தால் எழுத்து பெரிதானது, ஊர் மங்கியது. கூட்டினால் எழுத்து மறைந்தது. நடுவில் ஓர் அளவில் நிறுத்தி, "நங்கையா, இதுக்கு மேல முடியலீங்க. தெளிவு கொஞ்சம் போயிரும், எழுத்த மட்டும் படிச்சுக்கலாம்" என்றேன்.

"எந்த எழுத்துங்க?"

பொத்தான்களைக் காட்டினேன்.

"அது இங்கிலீசுங்களே தம்பி. நான் எப்ப அதப் படிச்சேன்? மேலிருந்து மூணாவது கெணறு, நாலாவது ரோடு, அடியில இருக்கறது பத்திரப்படுத்தறது. பதினோரு வருசமா அப்படித்தானுங்க."

அண்ணன் சிரித்த சிரிப்பில் தறிச் சத்தம் அமுங்கிப்போனது. "ரெண்டு மணி நேரமாப் படிக்காதவளுக்குக் கண்ணாடி தேடியிருக்கறான்டா எந் தம்பி!"

பழையபடி முழு அளவுக்கே மாற்றினேன். நங்கையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுட்டியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். சின்னத் திரையில் ஒரு நேரத்துக்கு நாலைந்து தெருதான் தெரியும். மற்றவற்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் கட்டியிருந்தார். இப்போதுதான் தன் ஊரை ஒரே பார்வையில் பார்க்கிறார். தறிக்கூடத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது: "ஏனுங்க பிரசிடெண்டு! மூணாந்தறி நின்னு எவ்வளவு நேரமாச்சு!" நங்கையாவுக்கு அது கேட்கவில்லை. என் நினைவில் அவர் ஒரு தறியைத் தவறவிட்டது அந்த ஒரு நாள்தான்.

"தம்பி, ஊரு கோணலா இருக்குதுங்க" என்றார். பார்த்தேன். ஆற்றின் இந்தக் கரையில் வீட்டுக்கு மேல் வீடாக நெருக்கியடித்துக் கிடந்தது. அந்தக் கரையில் மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. "இக்கட்டால மூச்சு விட எடமில்ல. அக்கட்டால இத்தன நெலம் சும்மா கெடந்திருக்குது பாருங்க. எனக்குத் தெரியவே இல்லீங்களே."

பாலம் போட, ஆற்றில் குறுகலான இடம் ஒன்றுதான் இருந்தது. அங்கே அவர் முதன்முதலில் கட்டிய தெரு நின்றது, பதினான்கு வீடுகள். அவர் இடிக்கும் பொத்தானை மேலிருந்து எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்ததும் நான் அவசரமாக, "நங்கையா, இருங்க, ஒரு நகல் எடுத்து வெச்சுக்கறேன். அப்புறம் வேணும்னாத் திரும்பிப் போயிக்கலாம்" என்றேன்.

"திரும்பிப் போயி என்னங்க பண்றது?" என்றார். பதினான்கு வீடுகளையும் ஒவ்வொன்றாக இடித்தார். அந்தக் குடும்பங்கள் மூட்டைகளோடு தெருவில் நிற்பதைப் பார்த்து, "சித்தெ பொறுத்துக்கங்க சாமி, அக்கட்டால தோட்டத்தோட தாரேன்" என்று அவர்களிடமே சொன்னார். பாலம் எழுந்தது. முதல் வண்டி அதன் மேல் ஏறியபோது மணி ஐந்து பத்து.

போன ஞாயிறும் போயிருந்தேன். அக்கரையில் அறுபத்திரண்டு வீடுகள் எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம் தோட்டம். பள்ளிக்கூடம் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நங்கையா, பாலத்தை இன்னும் அகலமாகக் கட்டுவதற்காக இடித்துப்போட்டிருந்தார்.