பேயின் குடுமி

எனக்குப் பேய் பிடித்திருந்தது என்று ஒரு காலத்தில் ஊரே நம்பியது. ஓசூருக்குத் தெற்கே, தென்பெண்ணையை ஒட்டிய ஊர். ஐம்பதுகளில் அங்கே பஸ் கிடையாது, டாக்டர் கிடையாது; பேய்க்கு மட்டும் பஞ்சமே இல்லை. எங்கள் பேய்களுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. அவை பெண்களை மட்டுமே பிடித்தன. நிலம் நீச்சு உள்ள பெரிய மனிதர் யாரையாவது ஒரு பேய் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பேய்களுக்கு அவ்வளவு மரியாதை தெரியும்.

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் கணவரின் பெரியப்பாதான் எல்லாம். நிலமும் அவர் பெயரில், மாடும் அவர் பெயரில், மற்றவர்கள் வாயும் அவர் பெயரில். வெள்ளை வேட்டி, எண்ணெய் மினுங்கும் குடுமி, நெற்றி நிறையத் திருநீறு. அவர் எதிரில் என் கணவர் உட்காரவே மாட்டார்.

ராகி அறுவடை சமயத்தில் ஒரு நாள் களத்துக்குக் கூழ் கொண்டுபோனேன். ஆட்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்துப் பெரியப்பா என்னைக் கெடுத்தார். இதற்கு மேல் ஒரு வார்த்தையை அந்த ஆளுக்காகச் செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூழை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மியா இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. ராகி வைக்கோல் வாசனை வந்தால் குமட்டும். அந்த ஊரில் வைக்கோல் வாசனை இல்லாத இடம் எது? களி கிண்டிக்கொண்டே இருப்பேன், கை அப்படியே நின்றுவிடும். பானை அடிப்பிடித்து யாராவது கத்தும்போதுதான் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பது தெரியும். வாசலில் அவர் செருமினால் முதுகு மரக்கட்டை ஆகிவிடும். கிணற்றடியில் தோல் சிவக்கத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். கணவரின் கை மேலே பட்டால் அலறினேன். ஒரு முறை கடித்தும் விட்டேன். அவர் நல்லவர்தான். நல்லவராக இருந்ததே போதும் என்று, மேலே யோசிப்பதை நிறுத்திக்கொண்டவர்.

இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது என்று பின்னாளில் ஒரு பெண் டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். அன்று இருந்த பெயர் ஒன்றுதான். அதை வைத்தது என் மாமியார்.

"எட்டாங்கிளாஸ் படிச்சவ வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். புளியமரத்தாண்ட தலைய விரிச்சிப் போட்டுக்கினு போயிருப்பா. புடிச்சிக்கிச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். படிப்புக்கும் புளியமரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தச் சீமையிலிருந்து, அதாவது மைசூர்ப் பக்கமிருந்து, பூசாரியை வரவழைத்தார்கள். வரவழைத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியப்பாதான். வீட்டுப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று அவருக்கு அத்தனை அக்கறை. பூசாரி ஓட்டியும் தெளியவில்லை என்றால் ஒரு கோயில் மண்டபத்தில் காலில் சங்கிலி போட்டு விட்டுவிடுவது என்றும் அவரே முடிவு செய்திருந்தார். அங்கே சங்கிலியோடு கிடந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர்களைப் பார்த்ததில்லை.

பேயோட்டுவதில் ஒரு முறை உண்டு. பம்பை அடித்து, வேப்பிலையால் வீசி, பூசாரி பேயிடம் கேட்பார்: நீ யார், எங்கே பிடித்தாய், போவதற்கு என்ன வேண்டும்? பேய் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு அந்தப் பெண்ணின் முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். அந்த முடியில்தான் பேய் குடியிருக்கிறதாம். வேடிக்கை என்னவென்றால், ஒரு பெண் சாதாரணமாகப் பேசினால் காதில் வாங்காத பெரிசுகள், அவளுக்குள் பேய் பேசினால் கைகட்டிக் கேட்பார்கள்.

மரத்தடியில் என்னை உட்காரவைத்தார்கள். ஊர் கூடியிருந்தது. முன் வரிசையில், மடித்த கம்பளியின் மேல், பெரியப்பா. பூசாரி என் முடியைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார்.

"யாரு நீனு? ஹேளு!"

யார் நீ, சொல்லு என்று கன்னடத்தில் அதட்டினார். அவரே தமிழுக்கு மாறி எடுத்துக் கொடுத்தார்: "போன வருசம் இந்த மரத்துல தூக்கு மாட்டிக்கினானே பண்ணையாளு, அவன்தானே நீ?"

கூட்டம் தலையாட்டியது. எங்கள் ஊரில் பேய் என்றால் எப்போதும் சேரியில் செத்தவன்தான். உயிரோடு இருந்தபோது எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், செத்த பிறகு எங்கள் வீட்டுப் பெண்களைப் பிடிக்க வருகிறானாம். நம்புவதற்கு இவர்களுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அவன் பெண்சாதி தூரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான் ஆமாம் என்றால் எனக்கு அன்றைக்கே விடுதலை. அவளை மறுநாளே ஊரைவிட்டுத் துரத்துவார்கள், குடிசையைப் பிரித்துப் போடுவார்கள்.

"நான் சாவல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உசுரோடதான் இருக்கேன்."

பம்பை நின்றது. பூசாரிக்கு இப்படி ஒரு பேய் பழக்கமில்லை. ஆனால் வாய் தன் பாட்டுக்கு அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டது. "எங்க புடிச்ச?"

"களத்துல. ராகிப் போருக்குப் பின்னால. கூழுல உப்பு கம்மின்னு சொன்னேன்."

பூசாரி, அந்த மடையர், முறை தவறக்கூடாது என்று மூன்றாவதையும் கேட்டார்: "போறதுக்கு என்னா வேணும்?"

"பேயோட முடியத்தானே ஆணி அடிக்கணும்? இந்தப் பொண்ணு முடிய ஏன் அறுக்கறீங்க? என் குடுமிய அறுங்க."

கூட்டத்தில் குடுமி வைத்த ஆண்கள் பலர் இருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு கைதான் எழுந்து போய்த் தன் குடுமியைப் பிடித்துக்கொண்டது. முன் வரிசையில், கம்பளியின் மேல். ஊர் முழுக்க அதைப் பார்த்தது. என் கணவரும் பார்த்தார்.

"பொய் சொல்ற பேய்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா எழுந்து போனார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. என் முடியைத்தான் அறுத்தார்கள், என் முடியைத்தான் மரத்தில் அடித்தார்கள். பேய் போய்விட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். சங்கிலிப் பேச்சை மட்டும் அப்புறம் யாரும் எடுக்கவில்லை. அடுத்த அறுவடையிலிருந்து எந்தப் பெண்ணும் தனியாகக் களத்துக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அவர் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்ன பக்தி என்று மெச்சினார்கள். என் கணவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு என்னை அழைத்துப் போனார். அவரால் முடிந்த தைரியம் அவ்வளவுதான்.

எனக்கு அது லேசில் போகவில்லை. வெகுகாலம் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து சரிபார்ப்பேன். வைக்கோல் வண்டி எதிரே வந்தால் இன்றைக்கும் வேறு சந்தில் திரும்பிவிடுகிறேன்.

பெரியப்பா நெடுங்காலம் நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, படுக்கையிலேயே செத்தார். சாவுக்குப் போயிருந்தபோது மாமியார் என் பக்கம் ஒண்டி வந்து, ஒரு கொத்து வேப்பிலையை என் கையில் திணித்தாள்.

"தலையில சொருவிக்கம்மா. இனிமே அவரு பேயா வந்துடப் போறாரு" என்றாள். வேறு யாருக்கும் அவள் வேப்பிலை கொடுக்கவில்லை. ஆக, அவளுக்கும் தெரிந்தே இருந்தது, அன்றிலிருந்தே.

வேப்பிலையை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"செத்தவங்க யாரும் என்னைத் தொட்டதில்ல அத்தை" என்றேன்.