பாலத்துக்குப் போட்ட புகார்

பாலத்தில் கால் வைப்பதற்கு முன்னால் சன்னாசி செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றியதை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது குதிகாலால் முதல் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். சத்தம் கெட்டியாக வந்தால் அடுத்த பலகை. பொத்தென்று வந்தால் ஆணி அடித்திருக்கும் ஓரமாகவே நடப்பார். மொத்தம் பதினாறு பலகை. நடுவில் ஒன்றை மட்டும் தட்டமாட்டார். அது அவரே வாங்கி அடித்தது. அக்கரை சேர்ந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நின்று கையைக் காட்டுவார். அப்புறம்தான் அவர் மனைவி மங்களம் அடியெடுத்து வைப்பாள். செவ்வாய், வியாழன், சனி, காலை வேளை. மூன்று வருஷமாக இப்படித்தான்.

லகாட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பையும் டயாலிசிஸ் மையத்தையும் பிரித்துக்கொண்டு லொங்காங் என்று சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாய் ஓடியது. பாலத்தில் போனால் மையம் ஏழு நிமிஷம். சுற்றிப் போனால் லாரிகள் பறக்கும் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். இரத்தம் சுத்தம் செய்து எழுந்திருக்கும் மங்களத்துக்கு மோட்டரில் பின்னால் உட்காரத் தெம்பு இருக்காது. ஒருதடவை தலைசுற்றி விழுந்து, ஊசி குத்துகிற கையிலேயே அடிபட்டுக்கொண்டாள்.

அந்தப் பாலத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அனுமதியில்லாத ஆபத்தான கட்டுமானம். எட்டு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை அகற்றப்படும். உள்ளூர் மன்றத்தின் முத்திரை. பொதுமக்களிடமிருந்து வந்த புகாரின் பேரில் என்று கீழே ஒரு வரி.

அந்த ஒரு வரி சன்னாசியைத் தூங்கவிடவில்லை. புகார் போட்டவர் அவர்தான்.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் பால்மரம் சீவப் போனவர் அவர். அங்கே ஏதாவது உடைந்தால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் தச்சர் வந்துவிடுவார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்ற பிறகு இங்கே வந்தார். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மத்தியான ஷிப்ட் காவல் வேலை. இங்கே கிராணி கிடையாது. கைப்பேசியில் மன்றத்தின் புகார்ப் பக்கம் இருந்தது. அதில் அவசரத்தின் அளவைக் கேட்டு நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் ‘பஹாயா’, ஆபத்து. அதைத் தட்டினால்தான் ஆள் வருவான் என்பது தாமானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குப்பை லாரி ஒருநாள் வராவிட்டாலும் பஹாயா. தெருநாய் குட்டி போட்டாலும் பஹாயா. இரண்டு பலகை உளுத்துப்போனதற்கு சன்னாசியும் பஹாயா தட்டினார். மன்றம் தேடிப் பார்த்திருக்கிறது. ஈயச் சுரங்கம் ஓடிய காலத்தில் யாரோ போட்ட பாலம், எந்தப் பதிவிலும் இல்லை. சொந்தக்காரன் இல்லாத பாலம், அதிலும் ஆபத்து. எடுத்துவிடு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் சமூக மண்டபத்தில் கூட்டம். சன்னாசி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மங்களம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்தார், ஜன்னலுக்குப் போனார், மோட்டருக்குப் பூட்டுப் போட்டோமா என்று பார்க்க இரண்டு தடவை வெளியே போய் வந்தார்.

“என்னங்க, கால்ல எறும்பு ஏறுன மாதிரி நிக்கிறீங்க. உக்காருங்க,” என்றாள் மங்களம்.

“காத்தே வரல,” என்றார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்சி ஓட்டும் தர்மா மைக் இல்லாமலே ஆரம்பித்தான். “நம்ம ஓட்டுல வந்த கவுன்சிலரா இருந்தா ஸ்டிக்கர் ஒட்டுன அன்னைக்கே வந்து நின்னுருப்பாரு. மேல இருந்து போட்ட ஆளு மேலதான் பாப்பாரு. லோக்கல் எலெக்‌ஷன திரும்பக் கொண்டு வரணும்லா. எங்க தாத்தா கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டிருக்காரு. எனக்கு ஏன் இல்ல?”

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அந்தோணிமுத்து, முன்னாள் தபால்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கொண்டு வந்தா? இந்த ஏரியாவுல நம்ம தமிழாளுங்க எத்தன பேரு, எண்ணிப் பாருப்பா. இப்பக் கட்சிக்காரங்க பங்கு பிரிக்கிறப்ப நமக்கு ஒரு நாற்காலியாவது விழுது. எலெக்‌ஷன் வெச்சா அதுவும் போயிரும்.”

“அந்த நாற்காலியில உக்காந்திருக்கவரு எங்கண்ணே?” கூட்டத்துக்குப் போண்டா கொண்டுவந்திருந்த பலகாரக் கடை புஷ்பலதா எழுந்தாள். “மூணு தடவ போன் பண்ணேன். மீட்டிங்ல இருக்கேன்னாரு. இங்கயும் மீட்டிங்தான், வாங்கன்னேன். கட் பண்ணிட்டாரு.”

மண்டபம் சிரித்தது. சன்னாசி சிரிக்கத் தாமதமாகி, எல்லாரும் நிறுத்திய பிறகு சிரித்தார்.

“எலெக்‌ஷன் வந்தா நீங்களே நில்லுங்கக்கா,” என்றான் தர்மா.

“நின்னா ஒனக்கென்னடா? மொதல்ல இந்தப் பாலத்த மாட்டிவிட்ட நாய் எவன்னு சொல்லு. கவுன்சிலரு கெடக்காரு. கூட இருந்தே குழி பறிச்சிருக்கான் பாரு, அவனத் தேடு.”

“இங்கதான் எங்கயாவது உக்காந்திருப்பான். போண்டா தின்னுக்கிட்டு,” என்றான் தர்மா.

போண்டா வைத்திருந்தவர்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். சன்னாசி தன்னுடையதை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

அந்தோணிமுத்து மேசையைத் தட்டினார். “திட்டுறத அப்புறம் வெச்சுக்கலாம். நான் நேத்து மன்றத்துக் கவுண்டருக்குப் போனேன். அங்க இருந்த அம்மா நல்லாத்தான் பேசுனாங்க. புகார் நம்பர் இல்லாம பைலத் தொறக்க முடியாதாம். புகார் போட்டவங்க யாராச்சும் ஐசியோட நேர்ல வந்து, எனக்கு வேண்டியது ரிப்பேரு, எடுக்கச் சொல்லலன்னு எழுதிக் குடுத்தா நிறுத்தி வெப்பாங்களாம். அதுவும் நாளைக்குள்ள. ஆளே தெரியாம நம்பருக்கு எங்க போறது?”

எண் சன்னாசியின் சட்டைப்பையில் இருந்தது. ஐசி அடையாள அட்டையோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு, நான்காக மடித்த சீட்டில் எழுதி வைத்திருந்தார். நாளைக்கு யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நாளை வியாழன். மங்களத்தைக் கூட்டிப்போக வேண்டும், இரண்டு மணிக்கு ஷிப்ட். அவளிடம் எந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுப் போவது? பொய்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றும் தேறவில்லை. எதிரே அவள் முழங்கை தெரிந்தது. ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்த கை.

“நம்பர் என்கிட்ட இருக்கு,” என்றார்.

புஷ்பலதா திரும்பினாள். “ஒங்களுக்கு எப்படிண்ணே கெடச்சுச்சு?”

“நாந்தான் போட்டேன்.”

நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

“அண்ணே,” என்றான் தர்மா மெதுவாக. “மூணு நாளா என்கூட சேந்து அவனத் திட்டுனீங்களே.”

“ஆமா. ஒன்னவிட மோசமாத்தான் திட்டுனேன்.”

“வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுட்டு நிக்கிறாரு,” என்றார் பின்வரிசையில் ஒருவர். “பலகைக்கெல்லாமா பஹாயா தட்டுவாங்க?” என்றது இன்னொரு குரல். தலைவர் நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கித் துடைத்தார். சன்னாசி சீட்டைப் பிரித்துப் பிடித்தபடியே நின்றார். வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை.

மங்களம் எழுந்து வந்து சீட்டை வாங்கி, ஒருதடவை படித்து, அந்தோணிமுத்துவிடம் கொடுத்தாள்.

“ஆபிசு எத்தன மணிக்குத் தொறப்பாங்கண்ணே?”

“எட்டு மணிக்கும்மா.”

“அப்ப இவரக் கூட்டிட்டுப் போங்க.” கணவனைப் பார்த்தாள். “நாளைக்கு நான் தனியாப் போயிக்கிறேன். பாலம் இன்னும் இருக்குல்ல.”

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே சன்னாசியும் அந்தோணிமுத்துவும் கவுண்டரில் நின்றார்கள். சன்னாசி மூன்று தடவை கையெழுத்துப் போட்டார். ஒன்று மற்றதைப் போல இல்லை. அவள் இந்நேரம் எத்தனையாவது பலகையில் இருப்பாள் என்ற கணக்கிலேயே இருந்தவர், அந்தம்மா கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். திங்கட்கிழமை யாரும் வரவில்லை. ஸ்டிக்கர் மழையில் வெளுத்தது. ஐந்து மாதம் கழித்து இரும்புக் கைப்பிடியோடு சிமெண்டுப் பாலம் வந்தது. எலெக்‌ஷன் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை மட்டும் காப்பிக்கடையில் இன்றைக்கும் தீரவில்லை. தாமானில் அவருக்குப் ‘பஹாயா அண்ணன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. முதலில் முகம் சுளித்தவர் இப்போது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

புதுப் பாலத்துக்கான கடிதத்தின் நகலை வாங்கப் போன தர்மாதான் கோப்பைப் பார்த்தான். அந்தப் பாலத்தின் மேல் மொத்தம் நான்கு புகார்கள், நான்கும் பஹாயா. கடைசி சன்னாசியுடையது. அதற்கு முந்தியது புஷ்பலதாவுடையது. அதற்கும் முந்தியது தலைவர் அந்தோணிமுத்துவுடையது. முதல் புகார் சன்னாசியுடையதற்கு ஏழு மாதம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குப் பதிவாகியிருந்தது. போட்டவர் பெயர் மங்களம்.